கும்மிடிப்பூண்டியிலிருந்து மெட்ராஸ் ஓட்டல்கள்: பொன்னேரியில் இறங்காத ஒரு ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையில் பேட்டை பேட்டையாகப் போய்ச் சாப்பிட ஆசை, எங்கே ஆரம்பிக்கலாம் என்று இரண்டு மூன்று பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். எழுபத்து மூன்றாம் வருஷம் ஆடி மாசத்தில் ஆரம்பித்து அடுத்த மாசி வரைக்கும் ஒரு ஞாயிறு விடாமல் இதே வேலையாகத் திரிந்தவன் நான். ஆனால் அந்த ஓட்டல்களில் பாதி இன்று இல்லை, விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அதனால் இதை வழிகாட்டி என்று நம்பிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பயணங்கள் எப்படி முடிந்தன என்பதை இத்தனை வருஷமாக யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் மனைவிக்கே அரைகுறையாகத்தான் தெரியும். வயசு எழுபத்தைந்து ஆகிறது, இனிமேல் யாருக்கு மறைக்க? அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

ஊத்துக்கோட்டை பக்கம் ஒரு கிராமம் எனக்கு. அப்பாவுக்கு நான்கு ஏக்கர் நஞ்சை. எனக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கி அச்சில் ஊற்றுகிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. இன்றைக்கு இருக்கிற தொழிற்பேட்டையெல்லாம் அப்போது கிடையாது. பொட்டல் காட்டில் ஆங்காங்கே நாலைந்து புகைக்கூண்டுகள், அவ்வளவுதான். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சமைக்கத் தெரியாது. ஸ்டேஷன் வாசலில் இருந்த ஒரே மெஸ்ஸில் காலை, மதியம், ராத்திரி மூன்று வேளைக்கும் ஒரே சாம்பார். மூன்று மாசத்தில் நாக்கு செத்துவிட்டது.

அப்போதுதான் எத்திராஜ் பழக்கமானான். என் பக்கத்து அச்சுக்குழியில் வேலை, என் வயசுதான். பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். வீட்டில் ஏரியை விட்டு வேலைக்கு வந்த முதல் ஆள் இவன்தான். தினம் பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டி வருவான். கையில் மூன்று அடுக்குத் தூக்கு. அதை மத்தியானம் திறந்தான் என்றால் கம்பெனியே திரும்பிப் பார்க்கும். முதல் நாள் மரியாதைக்கு ஒரு வாய் கொடுத்தான். அடுத்த வாரத்திலிருந்து பாதித் தூக்கு என்னுடையதாகிவிட்டது. வெட்கம் கெட்டவன் நான், சாப்பாட்டு விஷயத்தில்.

"டேய் வரதா, சாம்பார் துன்னு துன்னு உன் மூஞ்சே சாம்பாராயிட்ச்சு. வா, ஞாயித்துக்கெயம மெட்ராஸ் போய் ஷோக்கா துன்னுட்டு வருவோம்" என்றான் ஒரு நாள். அப்படித்தான் ஆரம்பம்.

வழி இதுதான். காலை ஆறு நாற்பதுக்குக் கும்மிடிப்பூண்டியில் பாசஞ்சர். கரி எஞ்சின். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒன்று இருபது. சென்ட்ரல் நாற்பத்தெட்டு கிலோமீட்டர்தான், ஆனால் போய்ச் சேர எட்டரை ஆகிவிடும், வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் சாம்பல் சட்டை ஆகிவிடும். ஏழு ஐந்துக்குப் பொன்னேரியில் எத்திராஜ் ஏறுவான். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் துண்டை ஆட்டுவேன். அவன் சிரித்துக்கொண்டே ஓடி வருவான். பிளாட்பாரத்தில் ரயில் இரண்டு நிமிஷம் நிற்கும்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் இன்ன நாள் இன்ன இடத்தில் இன்னார் வலை போடலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பேர். ஒருத்தர் பாட்டில் இன்னொருத்தர் கை வைக்க முடியாது. அதையே எத்திராஜ் எங்கள் சாப்பாட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். ஒரு வாரம் என் பாடு, ஒரு வாரம் அவன் பாடு. பாடு யாருடையதோ அவன்தான் இடத்தைத் தீர்மானிப்பான். போய்ச் சேரும்வரை சொல்ல மாட்டான். மற்றவன் எதிர்க்கேள்வி கேட்காமல் போட்டதைச் சாப்பிட வேண்டும்.

முதல் வாரம் அவன் பாடு. மூர் மார்க்கெட் பக்கம் ஈரானி டீக்கடை. பளிங்கு மேஜையில் ஒரு தட்டு நிறைய வெங்காய சமோசாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எத்தனை எடுத்தாயோ அத்தனைக்குக் காசு. டீ இருபத்தைந்து பைசா, பால் கெட்டியாக, குடித்த பிறகும் உதட்டில் ஒட்டும். பதினோரு சமோசா தின்றேன். எத்திராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். "இது நாஷ்டாடா. இன்னும் மத்தியான சாப்பாடு கீது" என்றான்.

அடுத்தது என் பாடு, சௌகார்பேட்டை. சென்ட்ரலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர், நடந்தே போனோம். சந்துக்குள் ஒரு வடக்கத்தியார் கடை, பூரி, உருளைக்கிழங்கு, ஏடு மிதக்கிற சுண்டின பால். எனக்கு அமிர்தம். எத்திராஜுக்கு ஒத்துவரவில்லை. "இன்னாடா இது, ஊறுகாய்லகூட சக்கரயப் போட்டு வெச்சுக்கீறானுங்க" என்று முகத்தைச் சுளித்தான். ஆனால் சட்டம் சட்டம்தானே? மிச்சம் வைக்காமல் தின்றான். அதற்குப் பழிவாங்க அடுத்த வாரம் திருவல்லிக்கேணியில் பெரிய மசூதிப் பக்கம் ஒரு பிரியாணிக் கடைக்கு இழுத்துப் போனான். மாடியில், பெஞ்சு ஆடும், ஈ மொய்க்கும். பிரியாணி இரண்டு ரூபாய். கூட்டம் அதிகம், தட்டு பற்றவில்லை என்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தாம்பாளத்தில் கொட்டிவிட்டார் பரிமாறுகிறவர். அப்படியே சாப்பிட்டோம். எலும்பை அவன் எனக்குத் தள்ளுவான், நான் முட்டையை அவனுக்குத் தள்ளுவேன். எங்கள் ஊரில் இதை யாராவது பார்த்திருந்தால் என்னை வீட்டுக்குள் விடுவதற்கு முன் கிணற்றடியில் நிறுத்தியிருப்பார்கள். மெட்ராஸில் யாரும் நீ எந்த ஊர், யார் மகன் என்று கேட்கவில்லை. அந்தச் சுகத்துக்காகவே போனேனோ என்று இப்போது தோன்றுகிறது.

புரட்டாசி முழுக்க வீட்டுக்குப் பயந்து சைவம். வீடு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது, யாரும் பார்க்கப் போவதில்லை, இருந்தாலும் பயம். அந்த மாசம் மயிலாப்பூரில் இலைச் சாப்பாடு, ஒன்று எழுபத்தைந்து. அங்கே ஒரு வழக்கம், சாப்பிடுகிறவன் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் இடம் பிடித்து நிற்பார். எத்திராஜ் பொரியலைத் தொட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "யோவ், பின்னாடி மூச்சு வுட்டா எனுக்கு சோறு எறங்காதுய்யா" என்று அந்தப் பெரியவரிடமே சொல்லிவிட்டான். அவர் அசரவில்லை. "ரசத்துக்கு வந்துட்டேள், இன்னும் அஞ்சு நிமிஷம்தான், சாப்பிடுங்கோ" என்றார். சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

கார்த்திகையில் கடற்கரை ஸ்டேஷன் பக்கம், பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் போட்டிருந்த தள்ளுவண்டிக் கடைகள். ஆரஞ்சு நிறத்தில் இடியாப்பம் மாதிரி நூடுல்ஸ், பேர் அத்தோ. கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப் சும்மா ஊற்றுவார்கள். கடைக்காரர் எங்களைப் பார்த்து, "எங்கேர்ந்து வர்றீங்க தம்பி?" என்றார். கும்மிடிப்பூண்டி என்றோம். "திங்கறதுக்கா அங்கேர்ந்து வந்தீங்க?" என்றார். "ஆமாண்ணே" என்றான் எத்திராஜ் பெருமையாக. மனுஷர் இன்னொரு கரண்டி சூப் ஊற்றினார்.

இவ்வளவும் போய் வந்தாலும் திங்கட்கிழமை மத்தியானம் அந்தத் தூக்கு திறக்கும்போது நான் சொல்வது ஒன்றுதான். "எந்த ஓட்டலும் இதுக்குக் கிட்ட வராதுடா." சமைப்பது அவன் தங்கை தேசம்மா என்று எனக்குத் தெரியும். அம்மா இல்லாத வீடு, அந்தப் பெண்தான் எல்லாமே. ஒரு நாள் நண்டு வறுவல். ஓட்டை உடைத்து உறிஞ்சிக்கொண்டே, "இத்த வறுத்த கையையே கட்டிக்கலாம்போலக் கீதுடா" என்றேன்.

எத்திராஜ் சாப்பிடுவதை நிறுத்தினான். "நெஜமாத்தான் சொல்றியா?"

"பின்ன விளையாட்டுக்கா சொல்றேன்?" என்றேன், வாய் நிறைய நண்டை வைத்துக்கொண்டு. நண்டு பேசிற்றா நான் பேசினேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

மாசியில் ஒரு ஞாயிறு, அவன் பாடு. பொன்னேரியில் வழக்கம்போலத் துண்டை ஆட்டினேன். எத்திராஜ் ஓடி வரவில்லை. வழவழவென்று சவரம் செய்துகொண்டு, புது வேட்டியில், ஜன்னலுக்கு நேரே வந்து நின்றான். "தலைய உள்ள இஸ்த்துக்கோ, ஆளு வெளிய வா. எறங்கு" என்றான்.

"டிக்கெட் சென்ட்ரலுக்குடா!"

"இன்னிக்கு யாரு பாடு? கேள்வி கேக்கக்கூடாது. எறங்குடா ஜல்தி, வண்டி எட்த்துருவான்."

இறங்கினேன். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர், பஸ் அறுபது பைசா, ஐம்பது நிமிஷம். பஸ்ஸில் அவன் அதிகம் பேசவில்லை. "எங்க ஊட்ல சாப்பாடு" என்று மட்டும் சொன்னான். எனக்கு விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று சொன்னால் அது பொய். பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஏரிக்கரையில் பனையோலை வேய்ந்த வீடு. வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. அவன் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவான், ஒல்லியான மனுஷர், கும்பிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார், பேச்சு வரவில்லை அவருக்கு. தாய்மாமன் ஒருவர் வந்திருந்தார், பேச்செல்லாம் அவர்தான். ஊர், நிலம், வீட்டில் எத்தனை பேர் எல்லாம் கேட்டார். பிறகு பாய் விரித்து, கை கழுவச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். நான் சொம்பை எடுக்கப் போனேன். மாமன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருப்பா தம்பி. ஒரு வார்த்த சொல்லிடறேன். பொண்ணு கீற ஊட்டுல வந்தவங்க கை நனச்சா பேச்சு முடிஞ்ச மாரின்னு எங்காண்ட ஒரு வயக்கம். உங்காண்டயும் அதேதான்னு நெனக்கிறேன். மனசு இல்லன்னா சொல்லு, மோரு கொண்டாரச் சொல்றேன். குட்ச்சிட்டு எயுந்துக்கோ. நீ எங்க எத்திராஜுக்கு சிநேகிதன், யாரும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."

இதைவிட நியாயமாக ஒரு மனுஷர் பேச முடியாது. எங்கள் பக்கமும் அதே வழக்கம்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை சோறு தொட மாட்டோம். தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சமையலறைக் கதவோரம் தேசம்மா வந்து நின்றாள். உயரமான பெண், கறுப்பு, முகம் முழுக்கக் குறும்பு. "அண்ணன் டப்பாவ காலி பண்றது இவருதானா?" என்றாள், அண்ணனைப் பார்த்து. பிறகு என்னையே பார்த்து, "அது பாதிப் பட்டினியா ஊட்டுக்கு வந்துக்கினு இருந்துது. தை மாசத்துலருந்து உங்களுக்கும் சேத்துதான் வெக்கிறேன். தெரியுமா?" என்றாள்.

தெரியாது. தூக்கில் சோறு கூடியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை, தின்றதோடு சரி. அவளை எனக்குப் பிடித்துவிட்டது. மறைக்க ஒன்றுமில்லை, அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. சொம்பை எடுத்தேன், கை கழுவினேன், உட்கார்ந்தேன். மடவை மீன் குழம்பு, இறால் வறுவல், நண்டு ரசம். மூன்று தரம் சோறு வாங்கினேன். அவன் நைனா முதல்முறையாக வாயைத் திறந்து, "நல்லா சாப்டுதுப்பா புள்ள" என்றார் மாமனிடம். அவர் கண் கலங்கியிருந்தது. கிளம்பும்போது, அடுத்த ஞாயிறு இதே வண்டியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று நானே சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானே சொன்னேன்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு ஊருக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி இரண்டே கால் மணி நேரம். களத்தில் அப்பா நெல் தூற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார். "யார் ஊடு?" என்றார். சொன்னேன். "கை நனச்சுட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். காலடியில் கிடந்த பதரை ஒதுக்கித் தள்ளினார். அவர் கத்தியிருந்தால்கூட நான் எதிர்த்துப் பேசியிருப்பேனோ என்னவோ. கத்தவில்லை.

"நான் வர மாட்டேன். இந்த ஊர்ல நான் இருந்தாவணும், உன் தங்கச்சிங்க ரெண்டு பேர கட்டிக் குடுத்தாவணும். மெட்ராஸ் ஓட்டல்ல துன்னதா நெனச்சுக்கோ" என்றார். நான் திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். "டேய், ஓட்டல்ல துன்னாலும் கல்லாவாண்ட நின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் வெளிய வரணும். நாளைக்கு நீயே போ. முடியாதுன்னு அவங்க மூஞ்சியப் பாத்து சொல்லிட்டு வா. காத்துக்கினு இருப்பாங்க."

இதைப் படிக்கிறவர்கள் எங்கள் அப்பாமேல் பழியைப் போட்டுவிடாதீர்கள். நானும் பல வருஷம் போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது என்று அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது போகட்டும். போய்ச் சொல்லிவிட்டு வா என்றாரே, அதையாவது செய்தேனா?

ராத்திரியே கும்மிடிப்பூண்டி திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆறு நாற்பது வண்டி. பொன்னேரிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். கவரைப்பேட்டை வரை என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "மன்னிச்சுக்கோங்க மாமா" என்று ஆரம்பிப்பதா, "எங்க ஊட்ல ஒத்துக்கல" என்று ஆரம்பிப்பதா? மாமா என்று கூப்பிட இனி எனக்கு உரிமை உண்டா? வண்டி பொன்னேரி பிளாட்பாரத்தில் நுழையும்போது பார்த்துவிட்டேன். எத்திராஜ், மாமன், நைனா மூன்று பேரும் நிற்கிறார்கள். நைனா சட்டை போட்டிருக்கிறார், மடிப்புக் கலையாத புதுச்சட்டை. கையில் ஒரு மாலை. எங்கள் அப்பாவுக்கு.

ஜன்னலின் மரக்கதவை இழுத்து இறக்கிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. ஆனால் அதற்கப்புறம் இரண்டு நிமிஷம் இருந்தது, அந்த இரண்டு நிமிஷமும் யோசித்துத்தான் உட்கார்ந்திருந்தேன். கதவு இடுக்கு வழியாக எத்திராஜ் ஓடுவது தெரிந்தது. ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்து, "வரதா! டேய் வரதா!" என்று கூப்பிடுகிறான். எதிரே கீரைக்கூடை வைத்திருந்த அம்மா, "யாரையோ தேடறாங்களே பாவம். உன்னியாப்பா?" என்றார். "இல்லம்மா" என்றேன்.

சென்ட்ரலில் டிக்கெட் பரிசோதகர் பிடித்து அபராதம் போட்டார். கட்டினேன். பாரிமுனைப் பக்கம் ஏதோ ஒரு கடையில் உட்கார்ந்து நாலு பரோட்டா, சால்னா சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை, கண்ணீர் வந்தது என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது என்னவென்றால் நல்ல பசி, நன்றாகச் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

திங்கட்கிழமை எத்திராஜ் தூக்கைத் தனியாக எடுத்துப் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டான். செவ்வாய்க்கிழமை நானாகப் போய், "எத்திராஜ்" என்றேன். அவன் திரும்பாமலே பேசினான்.

"மூணு பொட்டியா எட்டு பொட்டியா, அத்தினியும் தேடினேன்டா. உனுக்கு ஒடம்புக்கு இன்னாவோன்னு பயந்துக்கினு அடுத்த வண்டியப் புட்ச்சி உன் ரூமாண்ட வந்தேன். பூட்டிக்கினு இருந்துது. டீக்கடக்காரன் சொல்றான், காலைல ஆறு நாப்பதுக்கே போனாருன்னு. அந்த வண்டிலதான் நீ இருந்துக்கீற. நான் கூப்ட்டதக் கேட்டுக்கினே இருந்துக்கீற."

நான் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாட்டேன்னு ஒரு வார்த்தடா. அத்த சொல்றதுல இன்னாடா பேஜாரு உனுக்கு? எங்க நைனா அயுவாரு, மாமன் ரெண்டு வார்த்த திட்டும், அப்பால மோரு குட்த்து அனுப்பி இருப்போம். ஊரக் கூட்டி வெச்சிக்கினு மத்தியானம் வரைக்கும் உக்காந்துனு இருந்தோம்டா. அவ ஒலய எறக்கவே இல்ல."

அவன் என்னோடு பேசியது அதுதான் கடைசி. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டான். சித்திரையில் வேலையை விட்டுவிட்டு ஏரிக்கே திரும்பிப் போய்விட்டான். என்னால் போனான் என்று யாரும் சொல்லவில்லை. வேறு எதனால் போவான்? நான் மறுபடி சாம்பார் மெஸ்ஸுக்குப் போனேன். மெட்ராஸுக்குத் தனியாக இரண்டு வாரம் போய்ப் பார்த்தேன், யாருடைய பாடு என்று கேட்க ஆள் இல்லாமல் எங்கே போவது என்றே தெரியவில்லை. நிறுத்திவிட்டேன்.

எழுபத்தொன்பதில் ஒரு ஞாயிறு, மறுபடி பழவேற்காடு போனேன். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. தேசம்மாவுக்குத் தாமதமாகத்தான் வரன் அமைந்தது, அதுவும் இரண்டு இடம் தட்டிப்போன பிறகு, இப்போது புருஷனோடு சேர்ந்து பஸ் நிற்கிற இடத்தில் சாப்பாட்டுக்கடை போட்டிருக்கிறாள் என்று கம்பெனியில் ஒருத்தர் சொன்னார். ஏன் தட்டிப்போயிற்று என்று நான் கேட்கவில்லை. ஒருத்தன் கை நனைத்துவிட்டுப் போன வீடு என்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்கா தெரியாது? மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன்.

பதினொன்றே முக்காலுக்குப் பஸ் கொண்டுபோய் இறக்கியது. கீற்றுக் கொட்டகை, நாலு பெஞ்சு. மீன் சாப்பாடு இரண்டு ஐம்பது. அவள்தான் பரிமாறிக்கொண்டிருந்தாள், உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, ஒரு நொடி கரண்டி நின்றது. பிறகு மற்றவர்களுக்குப் போடுகிற மாதிரியே எனக்கும் இலை போட்டாள், தண்ணீர் வைத்தாள், சோறு போட்டாள். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அவள் குழம்பு வாளியோடு வந்து பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

"இது ஓட்டலுங்க. இங்க கை நனச்சா ஒண்ணும் ஆவாது. பயப்படாம சாப்புடுங்க."

சாப்பிட்டேன். முழுசாகச் சாப்பிட்டேன். அண்ணன் எங்கே என்று கேட்டேன். ஏரிக்குப் போயிருக்கிறது, வர சாயங்காலமாகும் என்றாள். புருஷன் கல்லாவில் இருந்தார், நல்ல மனுஷராகத் தெரிந்தார், சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. இரண்டு பத்து பஸ்ஸில் ஏறிவிட்டேன். எத்திராஜுக்காக நான் காத்திருக்கவில்லை.

சரி, நீங்கள் கேட்ட விவரத்துக்கு வருகிறேன். சென்னையில் சாப்பாட்டுச் சுற்று போகிறவர்கள் ஒரு நாளைக்கு ஒரே பேட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வைத்தால் இரண்டும் ருசிக்காது. சௌகார்பேட்டைக்கு நடந்தே போங்கள், வண்டி நுழையாது. அத்தோ சாப்பிடுகிறவர்கள் காரத்தைக் குறைக்கச் சொல்லிவிடுங்கள். மயிலாப்பூரில் பின்னால் நிற்கிறவரைக் கண்டுகொள்ளாதீர்கள். துணைக்கு ஒரு ஆள் வேண்டும், தனியாகப் போனால் பாதி ருசிதான். வண்டி நேரங்களை ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள், நான் சொன்னதெல்லாம் ஐம்பது வருஷப் பழசு.

யாராவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு, நீங்கள் சாப்பிட்டும்விட்டு, பிறகு முடியாது என்று சொல்ல வேண்டி வந்தால், அவர்கள் நிற்கிற இடத்தில் இறங்குங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு நேரமில்லை, வண்டி போய்விடும் என்று எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். பொன்னேரியில் அடுத்த வண்டி ஒன்றே முக்கால் மணி நேரத்தில் இருந்தது.